தேக்காவில் விற்கும் நிலம்

சிராங்கூன் சாலையைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போக வேண்டும். ஜொகூரிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் குவீன் ஸ்திரீட்டில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நடைதான். பஃபலோ சாலையில் காய்கறிக் கடைகள், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் கூட்டம், நடைபாதையெங்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தம்பிமார். நகையும் சேலையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இங்கே நிலமும் விற்கிறது!

சிங்கப்பூர் நிலமல்ல. அங்கே பெரும்பாலான மக்கள் 99 ஆண்டுக் குத்தகையிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். விற்பது தமிழ்நாட்டு வீட்டுமனை. துண்டுப் பிரசுரத்திலும் கைத்தொலைபேசியிலும் படமாக வருகிறது.

அந்தப் படம் எடுக்கும் வித்தை தனி வித்தை. முதலில் காலம். கார்த்திகை மழை முடிந்த கையோடு எடுத்தால் பொட்டல் காடும் பச்சைக் கம்பளமாகிவிடும். அதே இடம் சித்திரையில் வெடித்துக் கிடக்கும். அடுத்து முகப்பு. வீடு ஒன்றுகூட எழும்பாத இடத்தில் அலங்கார வளைவும், வண்ணக் கொடிகளும், சுண்ணாம்பு பூசிய எண் கற்களும் முதலில் வந்துவிடும். அகலக் கண்ணாடி போட்ட காமிரா அரை கிரவுண்டை மைதானமாகக் காட்டும். தூரத்தை இழுத்துக் காட்டும் கண்ணாடியோ, எங்கோ இருக்கும் நெடுஞ்சாலையை வேலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். இப்போது ட்ரோன் வேறு. பறவை போல மேலிருந்து பார்க்கும்போது மேடேது, பள்ளமேது, மழைத் தண்ணீர் நிற்கும் ஏரி உள்வாய் ஏது? எல்லாம் ஒரே சமதளம்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ரேஸ் கோர்ஸ் சாலையில் என்னிடம் பேசினார். தங்கும் விடுதியில் அவருக்கென்று இருப்பது இரட்டை அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. அங்கே படுத்தபடியே 1,200 சதுர அடி மனையைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறார். "அப்பா போய்ப் பார்த்தாரு சார். வளைவு இருக்கு, கல்லு இருக்கு. உள்ள போக வழிதான் அடுத்தவர் பட்டாவில இருக்கு" என்றார். அப்பாவை மறுபடி போகச் சொல்லியிருக்கிறாராம், சர்வேயரையும் கூட்டிக்கொண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவின் விளம்பரத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும். விளம்பரத்தில் பொய் சொல்லி ஏமாற்றினால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே படத்தில் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். பிறகு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்படம். இவை எந்தக் காமிராவிலும் அழகாக விழுவதில்லை!

நமக்கு நிலம் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். அது அவர்கள் தினமும் மிதித்த மண். எந்த நிரையில் சேறு, எங்கே பாறை என்று காலுக்கே தெரியும். படம் தேவைப்படவில்லை.

தாத்தா ஊரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசை நம் வீடுகளிலும் உண்டு. மலேசியக் குடிமக்களாகிய நாம் ஓ.சி.ஐ. அட்டை பெற்றிருந்தால் இந்தியாவில் வீடோ மனையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோட்டம் கிடையாதாம். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. மாமரமும் கிணறுமாகப் 'பண்ணை நிலம்' என்று யாராவது படம் நீட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.