தணியாத கடல்

சூரனை வென்ற சினம் தணிந்து முருகன் அமர்ந்த குன்று, ஆதலின் தணிகை. 365 படியேறி நின்றாலும் இங்கிருந்து கடல் தெரியாது. தெரியாத அக்கடலை எண்ணித்தான் கையற்று நிற்கிறேன்.

தனுஷ்கோடியே! வடவெல்லைக்காகப் போராடி 1960 ஏப்ரலில் இந்த மலையூரைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தோம். ஐந்தாண்டு நிறையுமுன், 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், புயலில் உன்னைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் உன் நிலையத்தை எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் டிக்கெட் எடுத்திருந்தார்கள். இறங்குவதற்கு ஊரில்லை, ஏறி வந்த வண்டியும் இல்லை. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். பாலம் மீண்டது. உன்னையோ வாழத் தகாத மண் என்று எழுதி மூடினார்கள்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின், பவளக்கல் தேவாலயத்தின் மொட்டைச் சுவரோரம் படம் எடுத்துக்கொள்ளாதவர் யார்? இடிந்த ஊருக்கு லட்சம் படம். இருந்த ஊருக்கு எத்தனை? தலைமன்னாருக்குக் கப்பலேறப் போட் மெயிலில் வந்து இறங்கியவர்களும், தபால் பிரித்தவர்களும், வலை உலர்த்தியவர்களும் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள்?

ஒரு பெட்டி எங்கள் தெருவிலேயே இருந்தது. எதிர்வீட்டு ஆயா அந்த ஊரில் பிறந்தவள். தந்தை ரயில்வேக் கூலி. புயலுக்கு ஆறு மாதம் முன்பே வாழ்க்கைப்பட்டுத் தணிகைக்கு வந்ததால் பிழைத்தாள். சீதனமாய் வந்த டிரங்குப் பெட்டியில் ஒரு படம்: பல்வெட்டு விளிம்பு, உள்ளங்கை அகலம், பிளாட்பாரத்தில் பதினொருவர். ஓரத்தில் நிற்கும் பெண்ணின் முந்தானை காற்றில் கலைந்து வெறும் வெள்ளைப் புகையாய்ப் பதிந்திருக்கிறது. அந்தக் காற்றைக்கூடப் படம் வைத்திருக்கிறது, பாருங்கள்.

படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, ஒவ்வோர் உருவத்தையும் பென்சிலால் வரைந்து எண்ணிட்டேன். ஆயா விரல் வைத்துச் சொல்லச் சொல்லப் பெயர் எழுதினேன். ஒன்று, அவள் அப்பா. நான்கு, கருவாட்டுக் கூடையை இறக்காமலே படத்துக்கு நின்ற மதினி. ஆறு, இரவல் செருப்பு மாட்டிக்கொண்ட சின்னத்தம்பி; செருப்பு தெரிய வேண்டுமென்று காலை முன்னே நீட்டியிருக்கிறான். பறம்பைப் பிரிந்த கபிலருக்குத் திரும்பிப் பார்க்க ஒரு மலையாவது மிஞ்சியது. ஆயாவுக்கு இந்தக் காகிதம். அதிலும் மூலையில் பூஞ்சை ஏறிவிட்டது.

ஒன்பதில் விரல் நின்றது. முந்தானை பறக்கும் அந்தப் பெண்.

"எனக்குத் தலை பின்னிவிட்டவ தம்பி. பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

நாளைக்கு வருகிறேன் ஆயா என்றேன். மறுநாளும் போனேன், மறுவாரமும் போனேன். ஆடிக் கிருத்திகைக் காவடிகள் மலையேறிய நாளில் ஆயாவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

தாள் என்னிடம் இருக்கிறது. ஒன்பதுக்கு எதிரே பென்சில் முனை தொட்ட ஒரு புள்ளி.