83க்கு 83

ஸ்டில்வாட்டர், ஓக்லஹோமா
19 நவம்பர் 2022

அன்புத் தோழிக்கு,

காலையெல்லாம் குளிர்காற்றில் நின்றதில் விரல்கள் இன்னும் விறைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் இன்றைக்குப் பார்த்ததை இன்றைக்கே உனக்கு எழுதிவிட வேண்டும். தினமும் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவைக்கிறவள் நீ. இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாய்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி இன்று இங்கே நடந்தது. செம்மண் பூமி, கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்து பழுப்பேறிய புல். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இந்த ஓட்டத்துக்கென்றே ஒரு தடம் வைத்திருக்கிறது. சமதரை என்று நம்பி மூச்சை விடுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஊர் முழுக்க அவர்களுடைய ஆரஞ்சு நிறம்தான். மேடு ஏறும் இடங்களிலெல்லாம் மக்கள் கயிற்றை ஒட்டி நின்று மாட்டு மணியை ஆட்டுகிறார்கள். தாத்தா பாட்டிமார்கூட ஒரு திருப்பத்தில் பார்த்துவிட்டு, குறுக்கே ஓடி அடுத்த திருப்பத்துக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு கல்லூரிக்கு ஏழு பேர் ஓடலாம். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்குத்தான் பட்டம். ஐந்து பேரும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் சொந்தக் கணக்கில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணிக்காரன் ஒருவனை முந்தினால் அவனுடைய எண் ஒன்று ஏறும். கல்லூரி அணி தகுதி பெறாமல் தனியாளாக வந்தவர்களை அணிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். 31 அணிகள், தனியாட்கள் 38 பேர். துப்பாக்கி வெடித்ததும் இருநூற்றைம்பது பேர் ஒரே வரிசையாகக் கிளம்புகிறார்கள். அப்போது காலுக்கடியில் தரை அதிர்வதை நின்ற இடத்திலேயே உணர முடிகிறது.

ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். போட்டி என்னவோ இரண்டு அணிகளுக்கு நடுவில்தான். ஒன்று, சொந்தத் தடத்தில் ஓடும் ஓக்லஹோமா ஸ்டேட். இன்னொன்று, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து வந்த நார்தர்ன் அரிசோனா. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ நம் கொடைக்கானல் உயரத்தில் இருக்கிற ஊர். அந்த மெல்லிய காற்றில் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறவர்கள். 2016இலிருந்து 2019 தவிர மற்ற எல்லாப் பட்டமும் இவர்களுடையதே. இரண்டு அணி கோச்சுகளின் குடும்பப் பெயரும் ஸ்மித் என்பதால் பக்கத்தில் நின்றவர்கள் பேசியது முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஸ்டான்ஃபோர்டின் சார்லஸ் ஹிக்ஸ் முதலாவதாக வந்தார். அவர் பின்னாலேயே நார்தர்ன் அரிசோனாவின் நிகோ யங் இரண்டாவது, ட்ரூ பாஸ்லி மூன்றாவது. கூட்டம் ஆரவாரம் செய்து முடித்து பாதிப்பேர் திரும்பியும்விட்டார்கள். நான் நகரவில்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்துதான். பட்டத்தைத் தீர்மானிக்கிற ஆட்கள் அதற்கப்புறம்தான் வரவேண்டும்.

முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் கயிற்றோரம் நின்றிருந்தேன். ஒரு பையன் வந்தான். எந்தக் கல்லூரி என்று பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். கன்னத்தில் எச்சில் வெள்ளையாக உறைந்திருந்தது, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, முழங்காலுக்குக் கீழே சேறு. இருபதாவதா அறுபதாவதா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பக்கத்தில் ஒருவன் தோளோடு தோள் உரசி வந்தான். கோட்டுக்கு நாலு எட்டு இருக்கும்போது இவன் நெஞ்சை முன்னால் தள்ளி அவனைத் தாண்டினான். தாண்டியதும் கையை ஊன்றி விழுந்தான். ஒரு தொண்டர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, "நட, நில்லாதே" என்று தள்ளிக்கொண்டு போனார். அவனுக்கு யாரும் கைதட்டவில்லை. அந்த ஓர் எண் எங்கோ ஓர் அணியின் கூட்டலில் சேர்ந்திருக்கும்.

பிறகு கூட்டல் வந்தது. நார்தர்ன் அரிசோனா 83. ஓக்லஹோமா ஸ்டேட் 83.

என் பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவர் பலகையையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். பத்து கிலோமீட்டர் ஓடிய ஐந்து ஐந்து பேர், கடைசியில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை! நடுவில் எவனாவது ஒருவன் இன்னும் ஒரே ஓர் ஆளை முந்தியிருந்தால் கதையே வேறு.

சமனானால் முதல் ஆளை முதல் ஆளோடு, இரண்டாம் ஆளை இரண்டாம் ஆளோடு என்று ஐந்து ஜோடியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கல்லூரி விதி. எந்த அணிக்கு மூன்று ஜோடி கிடைக்கிறதோ அதற்கே பட்டம். முதல் இரண்டு ஜோடிகளை யங்கும் பாஸ்லியும் ஏற்கெனவே வென்று கொடுத்துவிட்டார்கள். மீதி மூன்றில் ஒன்று கிடைத்தால் போதும், கிடைத்தது. 3-2. கடைசி ஏழு பட்டங்களில் தன் ஆறாவதை நார்தர்ன் அரிசோனா எடுத்துக்கொண்டது. சொந்த ஊர்ப் பையன்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். தோற்றவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புள்ளிப் பலகையும் அப்படிச் சொல்லவில்லையே.

பெண்கள் ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். 6 கிலோமீட்டர். ஃபுளோரிடாவின் பார்க்கர் வால்பி முன்னால் தனியாக விலகிப் போய்விட்டார். இனி யாரும் எட்ட முடியாது என்றுதான் நினைத்தேன். நார்த் கரோலினா ஸ்டேட்டின் கேட்லின் டூஹி அவசரப்படவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்துக் கடைசிப் பகுதியில் கடந்துவிட்டார். 19 நிமிடம் 27 விநாடி. அவருடைய அணியும் 114 புள்ளியோடு பட்டம் வென்றது. 140 எடுத்த நியூ மெக்சிகோ இரண்டாவது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் விதி வேறு. அங்கே சமனானால் ஆறாவதாக ஓடியவர்களை எடுத்துப் பார்ப்பார்கள். எந்த அணியின் ஆறாம் ஆள் முன்னால் வந்தானோ அந்த அணி வென்றது. எனக்கு அந்த விதிதான் பிடிக்கிறது. கணக்கிலேயே வராத பிள்ளையும் கடைசி அடிவரை விடாமல் ஓடுவதற்கு அதில் ஒரு காரணம் இருக்கிறது. உன் பிள்ளைகளை ஏழேழு பேராகப் பிரித்து ஒரு சனிக்கிழமை காலை ஓடவிட்டுப் பாரேன். சமனானால் எந்த விதியை எடுப்பாய் என்று மட்டும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடு. எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி