ஆத்தூர்க் கணவாய்: பார்க்கவும் தங்கவும்

சேலத்திலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், வசிஷ்ட நதிக் கரையில் இருக்கிறது ஆத்தூர். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலையும் கொல்லிமலையும். இவற்றுக்கு நடுவே கிழக்கு மேற்காக நீளும் சமவெளியைத்தான் ஆங்கிலேயரின் ராணுவக் குறிப்புகள் ஆத்தூர்க் கணவாய் என்றன. மைசூர்ப் பக்கத்திலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கி இறங்கிய படைகளுக்கு இது வாகான வழி. இன்றைய சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையும் அதே தடத்தில்தான் போகின்றன. இந்த வட்டாரத்தில் பார்ப்பதற்கு இருப்பவற்றில் பெரும்பாலானவை வழியை ஒட்டியோ ஆற்றை ஒட்டியோ உருவானவை. இரண்டும் ஒரே திசையில் ஓடுவதால், ஆத்தூரில் அறை எடுத்துக்கொண்டு மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள், மலைக்கு ஒரு நாள் என்று திட்டமிடுவது எளிது.

ஊருக்குள்ளேயே முதலில் பார்க்க வேண்டியது கோட்டை. தாரமங்கலத்தைச் சேர்ந்த கெட்டி முதலிகளின் காலமான 17ஆம் நூற்றாண்டோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஏறத்தாழ 62 ஏக்கர் பரப்பு. ஆற்றையே ஒரு பக்க அரணாகக் கொண்டு கட்டியிருக்கிறார்கள். கணவாயை ஆள நினைத்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோட்டை தேவைப்பட்டது. 1768இல் ஆங்கிலேயப் படை இதைப் பிடித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளோடு ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். மதிலுக்குள்ளே குடியிருப்புகளும் உண்டு. அதனால் நெற்களஞ்சியத்தையும் இடிந்த கட்டடங்களையும் தேட, தெருக்களின் வழியாகவே நடக்க வேண்டும். காயநிர்மலேசுவரர் கோயிலும் கோட்டைப் பகுதியிலேயே இருக்கிறது.

இந்தக் கோயிலிலிருந்து ஆற்றோடு ஒரு பயணத்தை வகுத்துக்கொள்ளலாம். வசிஷ்ட நதிக்கரையில் ஐந்து சிவத்தலங்களைப் பஞ்சபூதத் தலங்களாகச் சொல்வார்கள்: பேளூர் தான்தோன்றீசுவரர் நிலம், ஏத்தாப்பூர் சாம்பமூர்த்தீசுவரர் நீர், ஆத்தூர் காயநிர்மலேசுவரர் நெருப்பு, ஆறகளூர் காமநாதீசுவரர் காற்று, கூகையூர் சொர்ணபுரீசுவரர் ஆகாயம். மேற்கே வாழப்பாடிக்கு அருகிலுள்ள பேளூரில் காலையில் தொடங்கினால், மாலைக்குள் கூகையூரில் முடித்துவிடலாம். ஆற்றில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். இந்த ஆறு சுவேத நதியோடு கலந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையருகே கடலில் சேர்கிறது.

ஐந்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது ஆறகளூருக்கு. சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்து வலுப்பெற்ற வாணகோவரையர்களின் மகதை மண்டலத்துக்கு இதுவே தலைநகர். காமநாதீசுவரர் கோயிலில் எட்டு பைரவர்கள் இருப்பதால் தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் நிரம்பும். சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் நிதானமாகப் பார்க்க வேறு நாளே நல்லது. அருகே கரிவரதராசப் பெருமாள் கோயில் உண்டு. பக்கத்திலுள்ள தியாகனூரில் இரண்டு புத்தர் சிலைகள் உள்ளன. அமர்ந்த கோலத்திலும் ஆள் உயரத்தை மீறி நிற்கும் பெரிய சிலைக்கு இப்போது தியான மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். வயல்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய புத்தர் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அவர் விளக்கேற்றிக் கும்பிடும் சாமி.

முருக பக்தர்களுக்கு இருபுறமும் தலங்கள் உண்டு. கிழக்கே தலைவாசலுக்குப் போகும் வழியில் வடசென்னிமலை. மேற்கே ஏத்தாப்பூரை ஒட்டிய புத்திரகவுண்டம்பாளையத்தில் முத்துமலை முருகன். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்த இந்தச் சிலையின் உயரம் 146 அடி. மலேசியாவின் பத்துமலை முருகன் 140 அடி. அதைச் செய்த திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன்தான் இதையும் வடித்தார். நெடுஞ்சாலையிலிருந்தே சிலை தெரியும். வார இறுதியில் வண்டி நிறுத்தவே நேரம் பிடிக்கும் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

இந்தச் சாலையின் இருமருங்கிலும் மரவள்ளிக் காடுகளும் பாக்குத் தோப்புகளும் வரும். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் இங்கே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும், சேலம் வட்டாரத்தில் அதை மரவள்ளியிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். அறுவடைக் காலத்தில் சேகோ ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவும் ஜவ்வரிசியும் காய்வதைப் பார்க்கலாம்.

மலைப் பக்கம் மிக அருகில் இருப்பது முட்டல். ஊரிலிருந்து முல்லைவாடி வழியாக அரை மணிக்குள் போய்விடலாம். ஏரியில் வனத்துறை படகு விடுகிறது. அதைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் ஆணைவாரி அருவி. மழை பெய்தால்தான் அருவி. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள் என்பதால், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கல்வராயன் மலையை முழுதாகப் பார்க்க ஒரு நாள் போதாது. சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறையில் தோட்டக்கலைத் துறையின் பெரிய பழப்பண்ணை இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த மலை, ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு முழுமையாக வந்தது 1976இல்தான். சாலையும் பள்ளியும் தாமதமாக வந்ததற்கும், விடுதிகள் இன்னும் பெருகாமல் இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

தெற்கே போகிறவர்கள் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டியில் இறங்கலாம். தெருவோரப் பட்டறைகளில் தச்சர்கள் வாகைக் கட்டையில் சாமி உருவங்களைச் செதுக்குவதை நின்று பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. அங்கிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறலாம். காரவள்ளி வழியிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகள் இதில் இல்லை. மேலே அறப்பளீசுவரர் கோயிலும், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவியும் உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். ஏற்காட்டுக்குப் போக வேண்டுமானால் சேலம் நகருக்குள் நுழையாமல் குப்பனூர் மலைச்சாலையில் ஏறலாம்.

தங்குவதற்கு ஆத்தூரில் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் நெடுஞ்சாலையிலும் நடுத்தர விடுதிகள் இருக்கின்றன. வியாபாரத்துக்கு வருகிறவர்களுக்காக ஏற்பட்டவை என்பதால் வசதி அளவாகத்தான் இருக்கும்; முகூர்த்த நாட்களில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். காட்டை ஒட்டித் தங்க விரும்புவோர் முட்டலிலும் கரியாலூரிலும் வனத்துறையின் தங்குமிடங்களுக்கு முன்பதிவு செய்யலாம். கொல்லிமலையில் செம்மேட்டைச் சுற்றித் தனியார் விடுதிகள் உண்டு. ஏற்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி முதல் காப்பித் தோட்ட பங்களாக்கள் வரை எல்லாத் தரத்திலும் கிடைக்கும். மே மாதக் கோடை விழாவின்போது வாடகை ஏறிவிடும்.

அருவிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை உகந்த காலம். கோயில்களுக்கும் கோட்டைக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பொங்கலையொட்டி வருகிறவர்கள் கூலமேட்டிலும் தம்மம்பட்டியிலும் ஜல்லிக்கட்டும் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கணவாய் வெயில் கடுமையாக இருக்கும். அப்போது வருகிறவர்கள் இரவுத் தங்கலை மலைக்கு மாற்றிக்கொண்டு, சமவெளித் தலங்களைக் காலை பத்து மணிக்குள் பார்த்து முடிப்பது நல்லது.