வலைப்பந்துப் பிள்ளைகளுடன் மூன்று சனிக்கிழமைகள்

முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் முடிந்து, இல்ல அலங்காரத்துக்குக் கட்டிய பந்தல்கள் கழற்றப்பட்டதும், யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளில் பெருவிளையாட்டுகளின் காலம் தொடங்குகின்றது. ஆண் பிள்ளைகளின் துடுப்பாட்டத்தை ஊரே அறியும். யாழ். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆட்டம் நடைபெறும் நாட்களில் கொடியும் பாண்ட் வாத்தியமுமாக நகரமே அதிரும். அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாடுகளில் இருந்து பழைய மாணவர்கள் வந்து இறங்குவார்கள்.

பெண் பிள்ளைகளும் விளையாடுகின்றார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை ரீதியில் பெயர் பெற்றது. ஏனைய பல பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் பிரதான விளையாட்டு வலைப்பந்தாட்டம்தான். ஆனால் அந்த மைதானங்களின் ஓரத்தில் பார்வையாளர் என்று சொல்வதற்கு எவரும் நிற்பதில்லை. அடுத்ததாக ஆட வேண்டிய அணியும், தண்ணீர்ப் போத்தல்களைக் காவல் காக்கும் இரண்டு சிறுமிகளுந்தான் நிற்பார்கள்.

வலிகாமம் வடக்கில் குடும்பங்களைச் சந்திப்பது எனது வேலை. அப்படிச் சென்ற ஓர் இடத்தில் அறிமுகமான உடற்கல்வி ஆசிரியை, "வீடுகளுக்குப் போறனீங்கள்தானே, ஒருக்கால் மைதானத்துக்கும் வந்து பாருங்கோவன்" என்று அழைத்தார். வலய மட்டப் போட்டிகளுக்கு முன்னர் அவரது 16 வயதுக்குட்பட்ட அணி மூன்று சனிக்கிழமைகளில் சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடியது. மூன்றுக்கும் அவர்களோடு சென்றேன். விளையாடியவர்கள் சிறு பிள்ளைகள் என்பதால் பாடசாலையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

செம்மண் மைதானம்

1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இன்று இந்த அணியில் ஆடும் பிள்ளைகளின் தாய்மாரிற் சிலர் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் வளர்ந்தவர்கள். ஓடி விளையாட ஒரு முற்றங்கூட இல்லாமற் பெரியவர்களானவர்கள். மகள் விளையாட வேண்டும் என்று கேட்கும்போது அவர்களுக்கு ஏற்படும் தயக்கத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு இது பழக்கமே இல்லாத ஒரு விடயம்.

மைதானத்தின் ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் பனை வடலி. கோடுகளைச் சுண்ணாம்பால் போடுகின்றார்கள். வெள்ளைச் சப்பாத்துகள் ஒரே கிழமையில் செம்மண் நிறமாகிவிடும். "தோய்ச்சாலும் போகாது, அதால நாங்கள் தோய்க்கிறதில்லை அக்கா" என்று ஒரு பிள்ளை சிரித்தாள்.

விளையாட்டை அறியாத வாசகிகளுக்காக ஒரு சிறு விளக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூடைப்பந்தாட்டத்தில் இருந்து இங்கிலாந்தில் பெண்களுக்கென்று பிரிந்து வளர்ந்தது வலைப்பந்தாட்டம். ஓர் அணியில் 7 பேர். வளையம் 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, 3 செக்கனுக்குமேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆகவே தனியொருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் மற்றவர்கள் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்கள் குறைந்தால் 5 பேருடனும் ஆடலாம் என்று விதி இடமளிக்கின்றது.

அந்த விதியை ஆசிரியை நன்றாக அறிவார். கடந்த ஆண்டு ஆடிய எழுவரில் மூவர் இம்முறை இல்லை. ஒருத்தி சாதாரண தரப் பரீட்சைக்காக ரியூசனுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியின் தமையன் விளையாட்டு உடை சரியில்லை என்று நிறுத்திவிட்டான். மூன்றாமவளின் தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றதால் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு அவளிடம் வந்துவிட்டது. மூவருமே விளையாட்டுப் பிடிக்காமல் விலகியவர்கள் அல்லர். பாவாடைக்குள் நீளக் காற்சட்டை அணியலாம் என்று ஆசிரியை சொன்ன பின்னரும் அந்தத் தமையன் இணங்கவில்லை. அவன் தங்கை ஆடியதை ஒரு நாளாவது பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் ஆசிரியை.

வல்லை வெளி தாண்டி

முதலாவது சனிக்கிழமை வடமராட்சியில் ஆட்டம். காலை 6.30க்கு வாடகை மினிபஸ்ஸில் புறப்பட்டோம். 10 பிள்ளைகளில் 6 பேர் வெறுந் தேநீரோடு வந்திருந்தார்கள். ஆசிரியை எதிர்பார்த்ததுதான். அவித்த கடலையும் வாழைப்பழமும் ஒரு வாளிக்குள் கொண்டுவந்திருந்தார். பஸ் கூலியில் ஒரு பகுதியைப் பழைய மாணவி ஒருவர் கொடுத்திருந்தார். மீதி ஆசிரியையின் கைப்பணம் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

அச்சுவேலியைக் கடந்தால் வல்லை வெளி. வீடுகளும் மரங்களும் விலகி, தொண்டைமானாற்று நீரேரியும் வானமுமாகப் பரந்து கிடக்கும் இடம் அது. சைக்கிளில் போகின்றவர்கள் காற்றோடு மல்லுக்கட்டித்தான் பாலத்தைக் கடப்பார்கள். அதுவரை பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் யன்னற் பக்கம் ஒதுங்கினார்கள். இருவர் அன்றுதான் முதன்முதலாக வல்லையைக் கடந்தார்களாம். குடாநாட்டுக்குள்ளேயே ஒரு மணித்தியாலப் பயணத்தில் இருக்கும் வடமராட்சியை 15 வயதுவரை காணாத பிள்ளைகள் எம்மிடையே இருக்கின்றார்கள்.

அங்கே மைதானம் மணற்பாங்கானது. செம்மண்ணில் ஓடிப் பழகிய கால்கள் புதைந்தன. காற்று வேறு. இடைவேளையில் தோடம்பழத் துண்டுகளைச் சப்பிக்கொண்டு, "காத்து எங்களுக்கு மட்டுந்தானோ அடிக்குது, மிஸ்?" என்று முறைப்பட்டார்கள். "அடுத்த கால்மணியில பக்கம் மாறும், அப்ப அவைக்கும் அடிக்கும்" என்றார் ஆசிரியை. 21க்கு 9 என்று தோற்றார்கள்.

அந்த மைதான ஓரத்தில் எதிர்பாராத ஒருவரைச் சந்தித்தேன். ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் அம்மா. எதிரணியில் ஆடியவள் அவருடைய தங்கையின் பேத்தி. கனடாவில் தன் பேத்தி ஐஸ் ஹொக்கி விளையாடுவதாகச் சொன்னார்.

"பனிக் கட்டியில சறுக்கிச் சறுக்கி விளையாடுறது. விடிய ஐஞ்சு மணிக்குத் தாயும் தகப்பனும் அவளைக் காரில ஏத்திக்கொண்டு போவினம். நானும் போர்வையைச் சுத்திக்கொண்டு குளிருக்க இருந்து பாக்கோணும். அங்கை பெத்தவை வராட்டித்தான் பிழையாப் பாப்பினம். இஞ்சை வந்தால் பிழை எண்டீனம்" என்றார்.

கனடாவிலும் ஒரு காலத்தில் அது ஆண்களின் விளையாட்டாகவே கருதப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹொக்கிக்கு இடம் கிடைத்ததே 1998இல்தான். அங்கே குடியேறிய எம்மவர்கள் அதிகாலைக் குளிரில் பிள்ளைக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். இங்கே வீட்டில் இருந்து 10 நிமிட நடையில் இருக்கும் மைதானத்துக்குப் போக எமக்கு என்ன தடை என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

ஈவினையில் இருந்து சென்றவர்

திரும்பும் வழியில் ஆசிரியை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிக் கதைத்தார். அணியில் கோல் போடும் பிள்ளை நல்ல உயரம். வகுப்பில் அவளுக்குப் 'பனை' என்று பட்டப்பெயர். அதனால் கூனிக்கொண்டே நடப்பாள். அவளுக்காகத்தான் அந்தக் கதை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

தர்ஜினி எமது அயலில், புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினையில் 1979இல் பிறந்தவர். வசாவிளான் மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர். 6 அடி 10 அங்குல உயரம். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியன் பட்டத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். அவுஸ்திரேலியக் கழகங்களும் அவரை அழைத்தன. 2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில், எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிக கோல்களைப் போட்டவர் இந்த ஈவினைப் பெண்தான். போரும் இடப்பெயர்வும் சூழ்ந்த காலத்தில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தச் சாதனையின் அளவு தெரியும்.

உயரமான பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மினிபஸ்ஸில் இருந்து இறங்கும்போது, "அவா எந்த றோட்டில இருந்தவா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மம்மா வந்த நாள்

அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கின்றார். வளர்ப்பவர் அம்மம்மா. விளையாட்டுக்கு அவருடைய அனுமதி அரைகுறையானது. பொழுதுபட்டு வருகிறாள், ஊர்ச்சனம் ஏதும் சொன்னால் தாய்க்கு யார் பதில் சொல்வது என்பது அவரது கவலை. நியாயமான கவலைதான். தாய் இல்லாத வீட்டில் பொறுப்பு முழுவதும் அந்த முதியவரின் தலையில் இருக்கின்றது. வலயப் போட்டிக்கு முன்னர் பிள்ளையை நிறுத்திவிடும் எண்ணத்தில் அவர் இருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை ஆட்டம் சொந்த மைதானத்தில். முதல் நாள் நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். "அனுமதி தாங்கோ எண்டு கேட்க வரேல்லை அம்மா, ஒருக்கால் வந்து பாருங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் தள்ளி நின்றார். இரண்டாம் கால்மணிக்கு மரத்தடியில் இருந்து கோட்டருகே வந்துவிட்டார். மூன்றாம் கால்மணியில் ஆசிரியையைக் கூப்பிட்டு, "ரீச்சர், உந்தப் பிள்ளையள் பந்தை இவளிட்டைக் குடுக்கினம் இல்லை, பாத்தீங்களோ?" என்று முறைப்பாடு செய்தார்!

அன்று 17க்கு 14 என்று வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் அம்மம்மா நிபந்தனை ஒன்றை வைத்தார். மாலை 5.30க்குப் பிறகு பயிற்சி என்றால் யாராவது வீடுவரை கொண்டுவந்து விட வேண்டும். ஆசிரியை உடன்பட்டார். அதே தெருவில் இருக்கும் மற்றொரு பிள்ளையின் தாய், தான் சைக்கிளில் கூட்டிவருவதாகச் சொன்னார். ஊர் என்ன சொல்லும் என்ற பெரிய கேள்வி, பிள்ளையை யார் கூட்டிவருவது என்ற சிறிய கேள்வியாகி அன்றே தீர்ந்தது.

கடைசிப் படகுக்கு முன்

மூன்றாவது ஆட்டம் வேலணையில். பண்ணைப் பாலத்தில் இருபக்கமும் ஆழமில்லாக் கடல், களங்கண்டி வலைகள், நாரைகள். அங்கே நெடுந்தீவில் இருந்தும் ஓர் அணி வந்திருந்தது. அவர்கள் விடியற்காலையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பின்னர் பஸ் பிடித்து வந்தவர்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு வீடு திரும்ப முடியாது. ஆகவே அவர்களுடைய ஆட்டங்களை முதலில் வைத்தார்கள். கடற்காற்றில் உப்பேறிய முகத்தோடு இறங்கிய அந்தப் பிள்ளைகள் எங்கள் அணியை 16க்கு 14 என்று வென்றுவிட்டு, உடை மாற்றவும் நேரமில்லாமல் ஓடினார்கள். தோற்ற எங்கள் பிள்ளைகள் தெருவரை சென்று கையசைத்தார்கள்.

வாளியில் மிஞ்சிய வாழைப்பழங்களை அவர்களுடைய பஸ்ஸுக்குள் நீட்டியது எங்கள் அணியோடு வந்திருந்த தாய் ஒருவர். அன்று எங்களோடு மூன்று தாய்மார் வந்திருந்தார்கள். முதற் சனிக்கிழமை ஒருவரும் வந்திருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

வாசகிகளே, அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கியது 1824இல். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட சமூகம், பிள்ளைகள் படித்ததைக் கண்ணாரக் கண்ட பிறகே மாறியது. விளையாட்டிலும் அதுவே நடக்கும். மேடைப் பேச்சுகளும் சுவரொட்டிகளும் செய்யாததை, அந்த வேப்ப மரத்தடியில் நின்ற ஒரு மணித்தியாலம் செய்தது.

பெரிய செலவில்லாத சில காரியங்களை நாம் செய்யலாம். உங்கள் ஊர்ப் பாடசாலையில் பெண்கள் அணிக்கு எப்போது ஆட்டம் என்று கேட்டறியுங்கள். பிள்ளை இல்லாதவர்களும் போகலாம். ஒரே தெருவில் உள்ள தாய்மார் சேர்ந்து, பயிற்சி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் முறையை வகுத்துக்கொள்ளலாம். மாதர் சங்கங்கள் பயணத்துக்கு முன் ஒரு நேரக் காலை உணவைப் பொறுப்பேற்கலாம். ரியூசன் நடத்துவோர் சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்கலாம். முக்கியமாக, வீட்டு ஆண்களையும் அழைத்துச் செல்லுங்கள். தங்கையை நிறுத்திய அந்தத் தமையன் ஒரு தரம் கோட்டோரம் வந்து நின்றால், அடுத்த ஆண்டு அந்த அணியில் ஓர் ஆள் கூடக்கூடும்.

இந்த அணி வலயப் போட்டியில் வெல்லுமா, மாவட்டம் வரை போகுமா என்பதை நான் இப்போது சொல்ல முடியாது. 10 பிள்ளைகளும் இன்னும் பயிற்சிக்கு வருகின்றார்கள் என்பதைச் சொல்லலாம். வலயப் போட்டியில் அவர்களுடைய முதல் ஆட்டம் காலை 9 மணிக்கு.