மாமியார் தலைவலியும் ஆமைக் காரும்

எங்கள் வீட்டுக் காருக்கு ரேடியேட்டர் கிடையாது என்று சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். "தண்ணியே ஊத்த வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். இன்ஜின் பின்னால் இருக்கிறது, சாமான் வைக்கும் டிக்கி முன்னால் இருக்கிறது. 1965ம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன். உலகம் பூராவும் பீட்டில் என்று அழைக்கும் இந்த வண்டிக்கு மந்தைவெளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆமைக் கார்.

மாமனார் இதை 1971ல் ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு ஜெர்மன் இன்ஜினீயரிடமிருந்து வாங்கினாராம். 1959ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டியில் ஐ.ஐ.டி. ஆரம்பித்ததிலிருந்து அடையாறு பக்கம் ஜெர்மனிக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்த காலம் அது. தெருவில் மற்றவர்கள் அம்பாசடரோ, ஃபியட்டோ, நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருக்க, இவர் மட்டும் இந்த உருண்டை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாராம். "அன்னிக்கு இதுக்குக் குடுத்த பணத்துல ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். மெக்சிகோவில் 2003 ஜூலை 30ந் தேதி கடைசி வண்டி வெளிவரும்வரை மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்தார்களாம். அதில் ஒன்று எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

நான் 2002ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். என்னவருக்கு ஆபீஸ், டூர் என்று நேரமே இருக்காது. மாமனாருக்கோ கை நடுக்கம் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "இந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரைக் கொஞ்சம் பிடிம்மா" என்றார். பிடித்தேன். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் மோடா போட்டு உட்கார்ந்து வாயால் சொல்ல, நான் கையால் செய்தேன். எதிர்வீட்டு மாமிக்கு இது ரொம்ப நாள் வேடிக்கையாக இருந்தது.

உள்ளதைச் சொன்னால், இந்த இன்ஜின் மிக்ஸியைவிடக் கொஞ்சம்தான் கஷ்டம். தண்ணீருக்குப் பதில் காற்றுதான் சூட்டைத் தணிக்கிறது. டைனமோவின் மறுமுனையில் ஒரு பெரிய ஃபேன் இருக்கிறது. அதைத் தகரக் கூட்டுக்குள் அடைத்து, நாலு சிலிண்டர் மேலும் காற்று பாயும்படி செய்திருக்கிறார்கள். டைனமோ, ஃபேன் இரண்டையும் ஓட்டுவது ஒரே ஒரு பெல்ட். அது அறுந்தால் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த கணமே வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும். "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும். அதனால் முன் டிக்கியில் ஒரு பெல்ட்டும் அதற்கான ஸ்பானரும் எப்போதும் இருக்கும். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் மாதிரி உள்ளே போக வேண்டும். அதிகம் போனால், கப்பியைப் பிரித்து நடுவில் இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டு முடுக்க வேண்டும். அந்த வாஷர் ஒன்று காணாமல் போனால் மாமனார் வீட்டையே தலைகீழாக்கிவிடுவார்.

ஆயில் வெறும் இரண்டரை லிட்டர்தான். ஆனால் இந்த இன்ஜினின் குளிர்ச்சியில் ஆயிலுக்கும் பெரிய பங்கு உண்டு. பேப்பர் ஃபில்டர் கிடையாது, டீ வடிகட்டி மாதிரி ஒரு வலை மட்டும்தான். கம்பெனி புத்தகத்தில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருந்தாலும், நம் ஊர் வெயிலுக்கு 3,000 என்பது மாமனார் கணக்கு. அதையே நானும் வைத்திருக்கிறேன். ஆயிலை மாற்றும்போது வலையை மண்ணெண்ணெயில் அலசி, அடித்தட்டின் ஆறு நட்டையும் இதமாக முடுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். டேப்பட் இடைவெளி பார்ப்பது காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் இடைவெளி. நாலு சிலிண்டரில் மூன்றாவதுதான் சவலைப் பிள்ளை. ஆயில் கூலர் அதற்கு வரும் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பதால் சூடு அதிகம், வால்வு தீய்வதும் அங்கேதான்.

சில நேரம் சின்ன ரப்பர்தான் பெரிய வேலை செய்கிறது. இன்ஜின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை நைந்துவிட்டால் கீழே போகும் சுடு காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டின நாளிலிருந்து, மே மாதத்தில் அந்த நெரிசலில் கால் மணி நேரம் நின்றால் போதும், ரப்பர் நல்லதா கெட்டதா என்று வண்டியே சொல்லிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் அளவுக்கு ஏற்ற பட்டை கிடைத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் சக்கரம் முழுகும் அளவு தண்ணீர். "யாரும் சாவியைத் தொடாதீங்க" என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வடிந்த பிறகு ஆயிலைத் திறந்துவிட்டால் பால் விட்ட காபி மாதிரி வருகிறது! கியர்பாக்ஸிலும் அப்படியே. இரண்டையும் வடித்து, புது ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி வடித்தோம். நாலு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றிச் சேற்றை வழித்தோம். மாமனார் மோடாவில் உட்கார்ந்து பார்த்த கடைசி வேலை அதுதான். மறு வருஷம் அவர் இல்லை.

இனி மாமியார் தலைவலிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

2024 மழைக் காலத்தில் மாமியாருக்கு அடிக்கடி தலைவலி. வெள்ளிக்கிழமை கபாலி கோயில், மாதம் இரண்டு தடவை பெசன்ட் நகரில் நாத்தனார் வீடு. போய்விட்டு வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். குமட்டல் வேறு. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். டாக்டர் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. கண்ணாடி மாற்றினோம். ஒன்றும் கேட்கவில்லை. காலண்டரில் பால் கணக்குப் பக்கத்தில் தலைவலி வந்த நாட்களையும் குறித்துக்கொண்டே வந்தேன். ஆட்டோவில் போன நாட்களில் வலி இல்லை. காரில் கண்ணாடியை இறக்கிப் போன நாட்களிலும் இல்லை. மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவர் பின் சீட்டில் உட்கார்ந்த நாட்களில்தான் வலி.

குளிர் தேசத்துக்காகச் செய்த வண்டி இது. ரேடியேட்டர் இல்லாததால் ஹீட்டருக்குச் சூடு புகைக் குழாயிலிருந்து வருகிறது. குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி. ஃபேன் காற்று அதன் வழியே போய், கதவுக்குக் கீழே இருக்கும் பாதையில் ஓடி, கால்மாட்டில் வெளிவரும். பின் சீட்டுப் பக்கமும் ஒரு வாய் உண்டு. சென்னையில் ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? கைப்பிரேக் பக்கத்தில் இருக்கும் அதன் பிடியை நாங்கள் யாரும் தொட்டதே கிடையாது. ஆனால் கடல் காற்றில் கேபிள் துருப்பிடித்து, மூடி திறந்தபடியே இறுகிவிட்டது. உள்ளே குழாயிலும் துருப்பிடித்து ஓட்டை. புகை நேராக மாமியாரின் காலடிக்கு வந்துகொண்டிருந்தது!

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினபோது, "பழைய வண்டின்னா வாசனை வரத்தான் செய்யும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஆயில் வாசனை வரலாம்தான். ஆனால் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்ட வேண்டிய இடத்தில் இது இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். அளவு மிஞ்சினால் நினைவு தப்பி உயிரே போகும். வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குறைந்த அளவே ஆபத்து. எந்தக் காரானாலும் மூடின ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். காரில் போனால் மட்டும் தலைவலி என்றால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, சைலன்சர் குழாய் வாயை ஈரச் சாக்கால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு இரண்டு வாய். நானும் பையனும் ஆளுக்கொன்று பிடித்தோம். வேறெங்கும் ஓட்டை இல்லையென்றால் இன்ஜின் திணறும். எங்களுக்கு இடது பக்கம் அடியிலிருந்து 'புஸ்' என்று சத்தம் வந்தது.

ஹீட்டர் பெட்டி இரண்டையும் கழற்றினோம். புதுப்பேட்டையில் ஒருவர், வெறும் குழாயை அதே அளவுக்கு வளைத்துப் பற்ற வைத்துக் கொடுத்தார். ஒரு விஷயம், பெட்டியை எடுத்தால் ஃபேன் கூட்டிலிருந்து அதற்குப் போகும் இரண்டு துவாரத்தையும் தவறாமல் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாகும். பழைய பெட்டிகள் துணி சுற்றிப் பரணில் இருக்கின்றன. பின் சீட்டுக்கு மேல் பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வைத்தோம். இதுவரை அது வாய் திறக்கவில்லை. மாமியாருக்கும் அதன் பிறகு காரில் தலைவலி வரவில்லை. "இத்தனை நாள் இஞ்சிச் சாறு குடிச்சது வேஸ்டா?" என்றுதான் கேட்டார்!

வண்டி பிரிந்து கிடந்தபோதே மற்றவற்றையும் பார்த்தோம். பாட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டுக்குள் ஸ்பிரிங்கும் நாரும். கனமான சொந்தக்காரர் யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் ஸ்பிரிங் பாட்டரி முனையைத் தொட்டு, நார் பற்றிக்கொள்ளும். மூடி இல்லாமலிருந்த பாட்டரிக்குத் தடித்த ரப்பர் மூடி போட்டேன். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஊறி வெடித்துவிடும். இந்த வண்டியில் ஹோஸ் போவதோ கொதிக்கும் இன்ஜினுக்கு மேல். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் பெட்ரோலை மாதக் கணக்கில் டேங்கில் தேங்க விடுவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் உண்டு.

பிரேக்கில்தான் வீட்டில் சண்டை. எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போச்சு. பிந்திய மாடல்களில் கம்பெனியே இரட்டை லைன் வைத்துவிட்டது. பையன் டிஸ்க் பிரேக், 12 வோல்ட், எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் வேண்டும் என்றான். என்னவர் அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்றார். இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும் சீட் பெல்ட்டும் போட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாமியாரை உட்கார வைத்து ஓட்டுகிறவள் நான்தானே. 12 வோல்ட்டுக்கும் பிற்பாடு மாறினோம். 6 வோல்ட்டில் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். டிஸ்க் பிரேக் வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

இப்போது கவலை வேறு. ஆர்.சி. புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்தியதில், 20 வருஷத்துக்கு மேலான இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய் ஆகிவிட்டது. 2021ல் வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். அதற்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். பாடி, சேஸிஸ், இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அது சரிதான். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியாது.

பையன் வின்டேஜ் என்கிறான். என்னவர் வாயைத் திறக்கவில்லை. 82 வயது மாமியார், "ஷோவுக்கு வெக்கிறதுக்கா அவர் வாங்கினார்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தை மாதம் என் சீட்டுப் பணம் கைக்கு வரும். வளையல் மாற்ற வைத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் முன் சக்கரத்துப் பிரேக் ஹோஸ் இரண்டையும் மாற்றி, ஓட்டுநர் பக்கம் கதவுக்குக் கீழே துரு தின்ற இடத்தில் தகரம் வைத்து, இன்ஸ்பெக்ஷனுக்கு வண்டியைத் தயார் செய்ய வேண்டும். வெல்டிங்காரர் வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.