இரு நெம்புகோல்கள்

இயக்கத்தைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் மண்ணில் நின்று அறிந்தவையே. மிதிப்பதை விட்டால் சைக்கிள் ஓய்கிறது; தள்ளுவதை விட்டால் வண்டி நிற்கிறது. உராய்வு எங்கும் உடனிருப்பதால், நிற்பதே பொருளின் இயல்பு என எண்ணிவிடுகின்றோம். அஃது அவ்வாறன்று என நியூற்றன் 1687இல் எழுதிவைத்தார். கலைப்பீட மாணவியாகிய எனக்கு அவ்வுண்மை நூல்வழி வரவில்லை. சென்ற விடுமுறையில், மொனராகலை இறப்பர்த் தோட்டமொன்றிலுள்ள எங்கள் வீட்டில், ஒரு விளையாட்டுக் கருவியின் வழியாக வந்தது.

கொழும்பில் கணினி திருத்தும் பெரியப்பா மகன், ‘த்ரொட்டில்’ எனப்படும் பழைய இரட்டை நெம்புகோல் கருவியொன்றைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். விமானத்தின் இரு எஞ்சின்களைத் தனித்தனியே ஆள்வதற்கென அமைந்தது அது. தம்பியோ, 2015இல் முழுமையாக வெளிவந்த ‘கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்னும் விண்பயண விளையாட்டுக்கு அதனைப் பொருத்த விரும்பினான். அமைப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தமையால் வாசித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

இடப்புற நெம்புகோலைப் பிரதான எஞ்சினுக்கும், வலப்புறத்ததைக் கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் சிறிய உந்திகளுக்கும் ஒதுக்கினோம். எஞ்சினுக்குப் பூச்சியம் நெம்புகோலின் அடியில், உந்திகளுக்கோ நடுவில். இவ்வகை நெம்புகோலைத் திரும்ப நடுவுக்குக் கொணரும் வில் கிடையாது. விட்ட இடத்திலேயே நிற்கும். நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும் உந்துவிசை ஓயாது. ஆகவே, நடுவையொட்டிய சிற்றசைவுகளைக் கணினி பொருட்படுத்தாதவாறு ஒரு செயலற்ற எல்லையை வகுத்தோம்.

அதன் பின்னரும் தம்பி கூவினான்: “அக்கா, நடுவுலதான் விட்டிருக்கேன், ஆனா கப்பல் நிக்க மாட்டேங்குதே!” சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தவன், நெம்புகோலை மெல்லப் பின்னிழுத்தான். “தள்ளுன அளவுக்குத் திருப்பித் தள்ளுனாத்தான் நிக்கும்” என்றான். ‘ஆர்முடுகல்’ என்னும் சொல்லை அவன் பாடநூலிலிருந்து மனனம் செய்திருந்தான். அதன் பொருளை அன்றுதான் அவன் விரல்கள் அறிந்தன.

இத்தடுமாற்றம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 1965 யூனில் ஜெமினி 4 கலத்தைச் செலுத்திய ஜேம்ஸ் மக்டிவிட், தம்மை ஏவிய றொக்கற்றின் கழிந்த பகுதியை அணுக முயன்றார். அதனை நோக்கி உந்தியும் அண்மிக்க இயலவில்லை. எரிபொருள் குறையவே முயற்சி கைவிடப்பட்டது. சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் பாதை உயர்கிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்குக் கூடுதல் நேரம் செல்கிறது. எனவே கலம் பின்தங்குகிறது. இதனை உணர்ந்து திட்டமிட்டதனால், அதே ஆண்டு டிசெம்பர் 15ஆந் திகதி ஜெமினி 6உம் 7உம் சுமார் 30 சென்றிமீற்றர் வரை நெருங்கின. பயிற்சி பெற்ற விமானிகளையும் மயக்கிய அப்பாடத்தைத் தம்பி ஐந்தாறு இரவுகளிற் கற்றுக்கொண்டான்.

அவன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றான். எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. நான் தமிழை விரும்பியே கற்கின்றேன். எனினும், தெரிவு செய்வதற்குக் கலைப்பிரிவைத் தவிர வேறொன்றும் எனக்கு அங்கு இருக்கவில்லை. தம்பி விஞ்ஞானம் கற்பதாயின் பசறை வழியே பதுளை சென்று, தங்கிப் படிக்கவேண்டும். பால் வெட்டும் அப்பா விடுதிச் செலவைக் கணக்கிட்டு மௌனமானார். “நம்ம புள்ளைக்கு அதெல்லாம் சரிவருமா?” என்றார் அம்மா.

அப்பாவின் கணக்குக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. அம்மாவின் வினாவுக்கு உண்டு. அதனைக் கண்ணாற் கண்டிருக்கின்றேன். மலையகப் பிள்ளைகள் ஓரிடத்தில் நின்றுவிட்டால், அதுவே அவர்தம் இயல்பு என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் நோக்கவேண்டியது பிள்ளையை அன்று, உராய்வை.