முதல் பரிந்துரை

பாம்பு பாத்ரூம் சுவரில் இருந்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைப் பார்த்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, குறுக்கே வெளிறிய பட்டைகள். 2020 ஆகஸ்ட், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஆயா எனக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"கட்டுவிரியன்டா. தடியக் கொண்டா."

நான் தடிக்குப் பதிலாகப் போனைக் கொண்டுவந்தேன்.

பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த வருடம் மார்ச்சில் ஆபீஸை மூடியதும் லேப்டாப்போடு அடி அண்ணாமலைக்கு வந்துவிட்டேன். கிரிவலம் போனவர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் டவுனுக்குப் பின்பக்கம், ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கிற ஊர். பலர் அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு மீதி நடையைத் தொடர்வார்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஆள் நடக்கும் பாதையில் அந்த வருடம் கிரிவலத்துக்குத் தடை. ரோட்டில் மயில் நடந்தது.

1967இல் மெக்கார்தர், வில்சன் என்று இரண்டு பேர் தீவுகளின் உயிரியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள. தீவு சிறியதாக இருந்தால், பெருநிலத்திலிருந்து தூரமாக இருந்தால், அதில் தங்கும் உயிரினங்களின் வகை குறையும் என்பது அதன் சாரம். பிற்பாடு வந்தவர்கள் அதே கணக்கைத் துண்டாகிப்போன காடுகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் மலையும் ஒரு தீவுதான். 800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். சுற்றிலும் வயல், வயலைத் தின்ற பிளாட், ரிசார்ட், தார் ரோடு. கோடையில் எலுமிச்சை வாசம் வீசும் புல் காய்ந்து தீப்பிடிக்கும். 1980களின் கடைசியிலிருந்து பலர் சேர்ந்து மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாக்கியிருக்கிறார்கள். புள்ளிமான் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குக் கீழே இறங்கினால் நாய் துரத்தும். தீவில் இடம் கொஞ்சம்தான். மலையில் இருப்பது வீட்டுக்கு வரும், வீட்டில் இருப்பது மலைக்குப் போகும். சுவருக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் என்ற கணக்கெல்லாம் நாம் போட்டதுதான்.

ஊருக்கு வந்த இரண்டாவது மாதம் எனக்கு ஒரு பழக்கம் தொற்றியது. சாயங்காலம் கடைசி மீட்டிங் முடிந்ததும் கொல்லை வழியாக மலையடிவாரத்துக்குப் போய், கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுத்துப் போனில் இருந்த ஒரு செயலியிடம் கேட்பது. அது ஒரு பட்டியல் தரும். முதலில் இருப்பது முதல் பரிந்துரை. பிரண்டை, ஆவாரை, உசிலை, வெப்பாலை. தவிட்டுக்குருவி, செம்போத்து, கொண்டலாத்தி. முப்பது வருடமாக 'செடி', 'குருவி' என்ற இரண்டு சொல்லில் அடக்கி வைத்திருந்த கொல்லைப்புறம் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவியை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒன்பது நிறம் உடம்பில். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர்.

இந்தப் பெயர்களை ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவளுக்குப் பாதிக்கு மேல் தெரியும். அவள் சொல்லும் பெயர்களில் ஒன்றைக் கவனித்தேன்: பெயருக்குள்ளேயே அடையாளக் குறிப்பு இருக்கிறது. கீழாநெல்லி என்றால் இலைக்குக் கீழே வரிசையாக நெல்லி மாதிரி காய். அம்மான் பச்சரிசி என்றால் அரிசி மாதிரிக் குருணை. நாயுருவி போகிற வருகிற நாய் மேலே, வேட்டி மேலே ஒட்டிக்கொள்ளும். ஆட்காட்டி ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும். செயலி சொல்லும் லத்தீன் பெயர்களும் சில சமயம் இதையே செய்கின்றன. கீழாநெல்லியின் பேரினப் பெயரான ஃபில்லாந்தஸில் இலை, பூ என்று இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. எங்கேயோ ஐரோப்பாவில் ஒருவர் அந்தக் குடும்பத்துச் செடி ஒன்றைத் திருப்பிப் பார்த்து, ஆயா பார்த்ததையே பார்த்திருக்கிறார்.

பாம்புகளின் பெயரும் அப்படித்தான். கட்டு என்றால் உடம்பைச் சுற்றிப் போகும் வெள்ளைக் கட்டு. ஆனால் கட்டு போட்ட பாம்பு ஊரில் ஒன்று மட்டும் இல்லை.

அன்றைக்கு பாத்ரூம் சுவரில் இருந்ததைச் செயலி ஓநாய்ப் பாம்பு என்றது. வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள். விஷமில்லாதது. பல்லி பிடித்துத் தின்ன வீட்டுச் சுவரில் சாதாரணமாக ஏறும். நான் தேடிப் படித்தேன். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் பட்டை இல்லாமலும் இருக்கலாம், பின்னால் போகப் போகத் தெளிவாகும். மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். உடம்பு பளபளக்கும் கருப்பு. முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றதைவிடப் பெரிசு, அறுகோண வடிவம். சுவரில் இருந்ததில் இது எதுவும் இல்லை. செயலி சொன்னது சரி.

ஆயாவைக் கூப்பிட்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தினி வருசமா அடிச்சதெல்லாம்?"

"பாதி இதுவா இருக்கும் ஆயா."

"பாவம்டா," என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவரில் ஏறும் பாம்பை அவள் அடிக்கச் சொல்லவில்லை. எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கிற ஒரு மனுஷி ஒரே ராத்திரியில் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டாள். அதை நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். தெருவில் பாம்பு என்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாரை, தண்ணிப்பாம்பு, பச்சைப்பாம்பு என்று நாலைந்தைச் சரியாகச் சொன்னேன். ஒன்றும் தவறவில்லை. தவறாததுதான் பிரச்சினை.

அடுத்த வருடம் அக்டோபர். மழை நசநசவென்று பிடித்துக்கொண்டிருந்த ராத்திரி. கரண்ட் இல்லை. திண்ணையில் நெல் மூட்டை ஓரமாக, ஆயா படுக்கும் பாய்க்கு ஆறடி தள்ளி, தரையில் ஒன்று கிடந்தது. கருப்பு. குறுக்கே மெல்லிய கோடுகள். தூரமாக நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். ஈரத் தரையில் வெளிச்சம் பட்டுப் படத்தின் பாதி வெள்ளையாக இருந்தது. செயலியின் முதல் பரிந்துரை, ஓநாய்ப் பாம்பு. இரண்டாவது, கட்டுவிரியன். நான் இரண்டாவதைப் படித்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

"இது அது இல்லடா கண்ணு," என்றாள் ஆயா.

"போன வாட்டியும் இதத்தான் சொன்ன."

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் நீளக் கழியை எடுத்துப் பாம்பை மெதுவாகத் திண்ணைக்கு வெளியே தள்ளினேன். அது அவசரப்படாமல் விறகுக் குவியலுக்குள் போனது. ஆயா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். விடியும்வரை படுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மறுநாள் காலை கரண்ட் வந்ததும் அந்தப் படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினேன். 2008இல் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழக முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்ட்டாகத் தொடங்கிய தளம் அது. நீங்கள் ஒரு உயிரின் படத்தைப் போட்டு இது இன்னது என்று சொல்லலாம். முன்பின் தெரியாதவர்கள் வந்து ஒத்துக்கொள்வார்கள், அல்லது மறுப்பார்கள். நான் ஓநாய்ப் பாம்பு என்று போட்டேன். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் மறுத்திருந்தார்கள். இருவரும் எழுதியது ஒன்றுதான்: கட்டுவிரியன். ஒருவர் காரணமும் சொல்லியிருந்தார். வெளிச்சம் படாத பின்பாதியைப் பாருங்கள், கோடுகள் ஜோடியாக இருக்கின்றன, வால் பக்கம் தெளிவாகின்றன, முன்னால் கோடே இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். ஒரு வருடம் முன்னால் நானே ஆயாவுக்கு வகுப்பெடுத்தவை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"பாம்பு இப்போது எங்கே இருக்கிறது?"

பாயிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

அன்று பகல் முழுக்க விறகைப் பிரித்தோம். வயல் வேலைக்கு வரும் இருளர் அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். கையால் எதையும் தொட விடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் கம்பால் புரட்டச் சொன்னார். பாம்பு கிடைக்கவில்லை. "மழையில எங்கனா போயிருக்கும். பகல்ல கட்டுவிரியன் சுருண்டு தலைய ஒளிச்சிக்கினு கெடக்கும், பாத்தா சாதுன்னு நெனப்பீங்க. ராத்திரிதான் அதுக்கு வேல," என்றார். நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இவருடைய சமூகத்தின் கைகள் வழியாகத்தான் வருகிறது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு தேடிக் கொடுத்தவர்கள், 2023இல் பத்மஸ்ரீ வாங்கியவர்கள். இந்த அண்ணனிடம் என் போன் படத்தைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். பெயர் சொல்லவில்லை. "எங்க இருந்துது, எந்நேரம்?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டையைப் புரட்டினார்.

அன்று ராத்திரிதான் ஆயா தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். களத்தில் படுத்திருந்த பையன். எட்டு வயது. நடுராத்திரியில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றிருக்கிறான். சாயங்காலம் தின்ற எதுவோ சேரவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்தார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை என்றான். தூக்கக் கலக்கம் என்றார்கள். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பாயை உதறும்போது அடியிலிருந்து போனதாம் பாம்பு.

கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும் என்று பிறகு படித்தேன். பல் தடம் தெரியாத அளவுக்குச் சின்னது. வலி, வீக்கம் இருக்காமலே போகலாம். வயிற்றுவலியில் தொடங்கி, இமை சரிந்து, மூச்சுக்குப் போகும். தரையில் தூங்குகிறவர்களுக்கு அது கடித்ததே தெரியாமல் போவதுண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமங்களில்.

என் தொழிலில் தவறுகளை இரண்டு வகையாகப் பிரிப்போம். இல்லாததை இருக்கிறது என்பது ஒன்று, இருப்பதை இல்லை என்பது இன்னொன்று. எத்தனை முறை சரி என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் குறையும். ஆனால் வீட்டுத் திண்ணையில் இரண்டும் ஒரே விலை இல்லை. ஆயாவின் முறை ஓநாய்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று சொல்லிச் சொல்லித் தவறு செய்தது. அந்தத் தவறுக்குப் பாம்புகள் செத்தன. எட்டு வயதுப் பையனைப் பறிகொடுத்த ஒரு வீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் தவறும். நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். அவள் என்னைவிடக் குறைவாகப் பார்த்தாள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்: தரையிலா, சுவரிலா, எந்நேரம், பக்கத்தில் யார் தூங்குகிறார்கள். என் படத்துக்குள் இது எதுவும் இல்லை.

அதற்காக ஆயாதான் சரி, போன் தவறு என்று முடித்தால் அதுவும் பொய். போன் இல்லையென்றால் அவள் இன்னும் ஓநாய்ப் பாம்புகளை அடித்துக்கொண்டிருப்பாள். தவறைத் திருத்திய அந்த இரண்டு பேரும் போன் வழியாகத்தான் வந்தார்கள். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டதால் அடுத்த முறை பார்ப்பதை நிறுத்தியது நான்.

இப்போது ஆயா கட்டிலில், கொசுவலைக்குள் படுக்கிறாள். வலை ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிடுவது என் வேலை. ஊரில் இல்லாத நாளில் போன் செய்து கேட்பேன், திட்டு வாங்குவேன். விறகு வீட்டை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. 2022இல் கண் ஆபரேஷன் முடிந்தது. பாம்பு வந்தால் அடிப்பதும் இல்லை, நான் தள்ளுவதும் இல்லை. தூரமாக நின்று டார்ச் அடித்து அது எங்கே போகிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவோம். தெருவில் யாராவது "இது என்னா பாம்பு தம்பி?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடவே, கடித்தால் பெயர் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் சொல்கிறேன். சுவரில் ஏறினால் பயமில்லை என்று மட்டும் யாருக்கும் சொல்வதில்லை. அது எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது. விதி இல்லை.

ஐநேச்சுரலிஸ்ட்டில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கட்டுவிரியன், அடி அண்ணாமலை, அக்டோபர் 2021. அங்கே நாம் சொன்ன பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அது மறைவதில்லை, குறுக்கே ஒரு கோடு விழுந்து அப்படியே நிற்கும். விரும்பினால் மொத்தமாக அழித்துவிடலாம். நான் அழிக்கவில்லை. என் பெயருக்கு எதிரே 'ஓநாய்ப் பாம்பு', அதன் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே அந்தக் கேள்வி, இன்னும் பதில் எழுதப்படாமல்.